சொற்களின்றி ஒலித்த பாட்டு

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 9-ஆம் நாளை இந்தோனேசிய மக்கள் தேசிய இசை நாளாகக் கொண்டாடுகின்றனர். நாட்டின் இசை மரபைப் போற்றவும் இசைக் கலைஞர்களைச் சிறப்பிக்கவும் அந்நாட்டு அரசு 2013-ஆம் ஆண்டில் இந்நாளை அறிவித்தது. தேசிய கீதமான ‘இந்தோனேசியா ராயா’வை இயற்றிய வாகே ருடோல்ஃப் சுப்ரத்மானின் பிறந்தநாளாகக் கொள்ளப்படும் நாள் அது.

சுப்ரத்மான் 1903-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவில் பிறந்தார். அவருடைய தந்தை டச்சுக் காலனிப் படையில் பணிபுரிந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்த சுப்ரத்மான், மக்காசார் நகரில் தம் தமக்கையின் குடும்பத்தோடு வளர்ந்தார். தமக்கையின் கணவர் அவருக்கு ஒரு வயலினைப் பரிசாக அளித்து, அதை வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார். அந்த வயலினே அவருடைய வாழ்நாள் துணையாயிற்று.

பின்னர் ஜாவாவுக்குத் திரும்பிய அவர், ‘சின் போ’ நாளிதழில் செய்தியாளரானார். செய்தி திரட்டச் சென்ற கூட்டங்களில் விடுதலை வேட்கை கொண்ட இளைஞர்களோடு பழகினார். அக்காலத்தில், நாட்டுக்கென ஒரு பாடல் வேண்டும் என்று இதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரை அவர் மனத்தைத் தொட்டது. அதன் பயனாக ‘இந்தோனேசியா ராயா’ பிறந்தது.

1928-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள், இன்று ஜாகர்த்தா எனப்படும் பத்தாவியாவில் இரண்டாம் இளைஞர் மாநாடு நடைபெற்றது. சுப்ரத்மான் தம் பாடலை அங்கு அரங்கேற்ற விரும்பினார். ஆனால், காவலர்கள் மாநாட்டைக் கண்காணித்துக்கொண்டிருந்தனர். விடுதலையைப் பற்றிய சொற்கள் அவர்களின் காதில் விழுந்தால் மாநாடே கலைக்கப்படலாம். எனவே, தலைவரின் அறிவுரைப்படி, அவர் பாடலின் வரிகளை விடுத்து, இசையை மட்டும் வயலினில் வாசித்தார். சொற்கள் இல்லாவிட்டாலும் அவ்விசை இளைஞர்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. விரைவில் பாடலின் வரிகளும் நாடெங்கும் பரவின. டச்சு அரசு அப்பாடலுக்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. சுப்ரத்மானும் காவல்துறையின் கண்காணிப்புக்கு ஆளானார்.

1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அவர் இயற்றிய மற்றொரு பாடலுக்காகச் சுராபாயாவில் கைது செய்யப்பட்டார். ஏற்கெனவே நோயுற்றிருந்த அவர், அதே மாதம் 17-ஆம் நாள் தமது 35-ஆம் வயதில் மறைந்தார். தம் பாடல் சுதந்திர நாட்டில் ஒலிப்பதைக் கேட்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

சரியாக ஏழு ஆண்டுகள் கழித்து, 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் இந்தோனேசியா தன் விடுதலையை அறிவித்தது. கொடி ஏற்றப்பட்டபோது, கூடியிருந்தோர் ‘இந்தோனேசியா ராயா’வை வாய்விட்டுப் பாடினர். அன்று அவர் வாசிக்காமல் விட்ட சொற்களை இன்று ஒரு நாடே அச்சமின்றிப் பாடுகிறது. அவருடைய வயலின் ஜாகர்த்தாவில் உள்ள அருங்காட்சியகம் ஒன்றில் பாதுகாக்கப்படுகிறது.