கோடு போடுவதற்கு முன்னால் நடந்தவர்

நண்பர்களே, ஒரு கேள்வி. குறுகலான சந்துகள், நெருக்கியடித்த வீடுகள், நடுவில் பாசி பிடித்த ஒரு குளம். இந்த இடத்தைச் சீரமைக்கச் சொன்னால் முதலில் என்ன செய்வீங்க? ஆட்டோகேடைத் திறந்து, குறுக்கே நேராக ஒரு ரோடு இழுப்பீங்க, இல்லையா? நூறு வருஷத்துக்கு முன்னால் நம்ம பக்கத்துத் தஞ்சாவூரிலும் அப்படித்தான் திட்டம் போட்டாங்க. அது வேண்டாம்னு சொன்னவர் இன்ஜினியர் இல்லை, ஒரு தாவரவியல் பேராசிரியர். பெயர் பேட்ரிக் கெடிஸ்.

1854ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். லண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார். 1879ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போன இடத்தில் கண் பார்வை போய்விட்டது. இருட்டறையில் பல வாரங்கள். பார்வை திரும்பியது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் பழையபடி வேலை பார்க்க முடியவில்லை. ஒரு உயிரியல் ஆராய்ச்சியாளருக்கு இதைவிடப் பெரிய அடி என்ன? மனுஷன் உட்கார்ந்து அழவில்லை. செல்லைப் பார்த்த கண்ணால் ஊரைப் பார்க்க ஆரம்பித்தார்.

1886ல் அன்னா மார்ட்டனைக் கல்யாணம் செய்தார். கொஞ்ச நாளில் இருவரும் எடின்பரோவில் ஒரு சேரிக் குடியிருப்புக்கே குடிபோனாங்க. அக்கம்பக்கத்து மக்களோடு சேர்ந்து சுண்ணாம்பு அடித்து, குப்பை அள்ளி, கிடைத்த இடத்தில் தோட்டம் போட்டு, அந்த இடத்தையே மாற்றினாங்க.

1914ல் சென்னை மாகாண கவர்னர் பென்ட்லாண்ட் அழைப்பில் இந்தியா கிளம்பினார். ஆண்டுக்கணக்கில் சேர்த்த வரைபடங்கள், படங்கள் எல்லாம் வேறொரு கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை மூழ்கடித்தது யார் தெரியுமா? சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்! நண்பர்கள் உதவியால் மறுபடி சேகரித்து, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி வைத்துவிட்டார்.

பிறகு மாகாணத்து ஊர்களைச் சுற்றினார். தஞ்சாவூர் கோட்டைப் பகுதியில் நெரிசலைக் குறைக்க நேர்த்தெருக்கள் வெட்டும் திட்டம் தயாராக இருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு இடிந்து கிடக்கிறது, எங்கே காலி மனை, எங்கே மரம், எங்கே கிணறு என்று குறித்துக்கொண்டார். பாழடைந்த சிலவற்றை மட்டும் எடுத்துவிட்டு, சந்துகளை அங்கங்கே அகலப்படுத்தி, மரம் நட்டால் போதும் என்றார். செலவும் மிகக் குறைவு, வீடு இழப்பவர்களும் குறைவு. நல்ல டாக்டர் வெட்ட வேண்டியதை மட்டும் வெட்டுவார் இல்லையா, அந்த மாதிரி.

கொசு வருதுன்னு குளத்தைத் தூர்க்கக் கிளம்பியவர்களிடமும் மல்லுக்கு நின்றார். தூர்வாருங்க, மீனும் வாத்தும் விடுங்க, கொசுப்புழுவை அவை பார்த்துக்கும் என்பது அவர் வாதம்.

இந்தூரில் பிளேக் பயம் இருந்தபோது ஒரு தீபாவளி ஊர்வலம் நடத்தினார். எந்தத் தெரு சுத்தமாக இருக்கோ அந்தத் தெரு வழியாகத்தான் ஊர்வலம் போகும்னு அறிவிப்பு. அவ்வளவுதான், ஊரே துடைப்பத்தோடு இறங்கியது!

1917 அவருக்குக் கொடிய ஆண்டு. மூத்த மகன் போரில் இறந்தார். சில வாரங்களில் அன்னாவும் இந்தியாவிலேயே காய்ச்சலில் இறந்தார். ஆனாலும் வேலையை விடவில்லை. 1919ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையின் முதல் பேராசிரியரானார். 1932ல் பிரான்சில் மறைந்தார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தியாவில் அவர் எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலானவை அலமாரியில்தான் தூங்கின. ஒரு நேர்க்கோட்டை அங்கீகரிப்பது அதிகாரிகளுக்குச் சுலபம். நூறு வீட்டு வாசலில் நின்று கேட்பது கஷ்டம்.

காரைக்காலும் இப்போது வளர்ந்துகொண்டுதான் இருக்கு. பிரெஞ்சுக்காரர்கள் போட்ட நேர்த்தெருக்களைத் தாண்டி வயல் பக்கம் புது மனைகள் வருது. நாளைக்கு அதற்குத் திட்டம் போடப்போறது உங்களில் யாரோ ஒருத்தர். டோட்டல் ஸ்டேஷனை ஸ்டாண்டில் ஏற்றும் முன்னால் ஒரு தடவை அந்தத் தெருவில் நடந்து பாருங்க. மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, மீன் விற்கிற அம்மா எந்த நிழலில் உட்கார்றாங்க என்று அங்கே இருக்கிறவர்களிடமே கேளுங்க. கோடு அதுக்கப்புறம் போடலாம்.