கண்ணீரால் இறைவனைத் தேடிய குணங்குடியார்

தக்பீர் கட்டுகிறோம். ஃபாத்திஹா ஓதி முடிவதற்குள் மனம் கடைக்கணக்குக்குப் போய்விடுகிறது. சலாம் கொடுக்கும்போதுதான் திரும்பி வருகிறது. எத்தனையாவது ரக்அத் என்பதே சில நேரம் நமக்கு மறந்துபோகிறது. அலைபாயும் இந்த மனத்தைத் தம்மிடமே கண்டு, அதற்காக இறைவனிடம் அழுது முறையிட்ட ஒருவர் நம் இராமநாதபுரச் சீமையில் பிறந்தார்.

1792-ல் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர் அவர்களே, பின்னாளில் குணங்குடி மஸ்தான் சாஹிபு (ரஹ்) என்று புகழ்பெற்றார்கள். கீழக்கரையில், தைக்கா சாஹிப் என அறியப்பட்ட ஷெய்கு அப்துல் காதிர் லெப்பை ஆலிம் அவர்களிடம் மார்க்கக் கல்வி கற்றார்கள். மாமன் மகளை மணமுடித்து வைக்க உறவினர் விரும்பினர். அவர்களோ இளம் வயதிலேயே துறவு பூண்டு ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். திருப்பரங்குன்றம் சிக்கந்தர் மலையில் 40 நாள் தனித்திருந்து இறைதியானத்தில் மூழ்கினார்கள். பின்னர் காடு, மலையெல்லாம் அலைந்து, இறுதியில் சென்னை இராயபுரத்தில் தங்கினார்கள். மக்கள் அவர்களைத் தொண்டியார் என்று அழைத்தனர். தண்டையார்பேட்டை என்னும் பெயரே அதிலிருந்து வந்ததாகச் சொல்வோரும் உண்டு.

மஸ்த் என்ற பாரசீகச் சொல்லுக்குப் போதை வயப்பட்டவர் என்று பொருள். இறைக்காதலில் தம்மை மறந்திருந்ததால் மஸ்தான் என்ற பெயர் நிலைத்தது. பராபரக்கண்ணி முதலிய அவர்களின் பாடல்களில் பெரும்பகுதி துஆக்களே. அவற்றில் அவர்கள் தம் பக்தியைப் பெருமை பேசவில்லை. ஒருநிலைப்படாத மனத்தையும், வீணாய்க் கழிந்த நாட்களையும் சொல்லியே அழுகிறார்கள். 1838-ல் அவர்கள் மறைந்தார்கள். ஐம்பது வயதைக்கூட எட்டவில்லை.

அவர்கள் ஏற்ற துறவு நமக்குக் கடமையானதல்ல. நிக்காஹ் நபிவழி. ஆனால் அந்தக் கண்ணீர் நமக்கும் வேண்டும். நபி (ஸல்) அவர்கள் தொழும்போது, அழுகையால் அவர்களின் நெஞ்சிலிருந்து பானை கொதிப்பது போன்ற ஓசை கேட்டதாக ஹதீஸில் காண்கிறோம். தனிமையில் அல்லாஹ்வை நினைத்துக் கண் கலங்கியவருக்கு மறுமையில் அவனுடைய நிழல் உண்டு என்றும் அறிகிறோம்.

ஜமாஅத்தில் பிறர் கேட்க விம்முவதில் நன்மை இல்லை. ஓதுவதன் பொருளை அறிந்து ஓதுவோம். ஸஜ்தாவில் அவசரப்படாமல் இருப்போம். அழுகை வராவிட்டால், வரவில்லையே என்று அவனிடமே முறையிடுவோம். குணங்குடியாரின் பாடல்கள் நமக்குக் காட்டும் வழியும் அதுவே.