கணித மேதை இராமானுஜன்

உடலுக்கு உற்ற நோயை உள்ளம் வளர்க்கவும் கூடும், தணிக்கவும் கூடும். இவ்வுண்மையை எண்ணிப் பார்த்தற்குரியது கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கை.

இவர் 1887ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே கருத்தூன்றிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் கல்லூரித் தேர்வுகளில் தோல்வியுற்றார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக அமர்ந்தார். மறு ஆண்டு, தாம் கண்ட தேற்றங்களை இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதி விடுத்தார். அவற்றின் அருமையை உணர்ந்த ஹார்டி இவரை அழைத்தார். 1914இல் இராமானுஜன் கப்பலேறினார்.

அங்குச் சென்ற சில திங்களில் முதல் உலகப்போர் மூண்டது. புலால் உண்ணாதவராகிய இவர் தாமே சமைத்து உண்டார். தமக்கேற்ற உணவுப் பொருள்கள் கிடைப்பது அரிதாயிற்று. இரவு பகல் பாராது கணக்கில் ஆழ்ந்தமையால் ஊணும் உறக்கமும் முறை தவறின. குளிர் வாட்டியது, மனைவியையும் பெற்றோரையும் பிரிந்த தனிமை அதனினும் மிகுதியாக வாட்டியது. 1917இல் இவர் நோய்வாய்ப்பட்டார். மருத்துவர்கள் காசநோய் எனக் கருதினர். 1994இல் இவர்தம் நோய்க்குறிப்புகளை ஆராய்ந்த ஆய்வாளர் ஒருவர், ஈரலில் தங்கிய அமீபாக் கிருமியே காரணம் ஆகலாம் என்றார். இவ்விருவகைக் கிருமிகளும் உடலுள் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்து, காவல் தளர்ந்தபோது தலையெடுக்க வல்லவை.

அக்காவல் தளர்வது எங்ஙனம்? தென்காசியை அடுத்த வடகரையின் மலையடிவாரத் தோட்டத்தில், உழவன் ஒருவன்முன் காட்டானை எதிர்ப்படுகிறது எனக் கொள்வோம். அச்சச் செய்தி மூளையினின்று நரம்புகள் வழியே பாய்கிறது. சிறுநீரகங்களின்மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பிகள் உடனே தம் நீரைச் சுரக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கிறது. கால்கள் ஓடும் வலிமை பெறுகின்றன. யானை அகன்றதும் உடல் அமைதியுறுகிறது. ஆனால் கவலை என்னும் யானை நாள்தோறும் எதிர்நிற்குமாயின், அச்சுரப்பு ஓய்வதில்லை. அவற்றுள் கார்ட்டிசால் என்னும் நீர் நெடுநாள் மிகுந்து நிற்பின், கிருமிகளோடு போரிடும் வெள்ளணுக்களின் ஆற்றல் குன்றும். மண்ணீரலையும் நிணநீர்க் கணுக்களையும் அடையும் நரம்புகளும் அவ்வணுக்களுக்கு ஏவல் தருகின்றன. இடர்ப்பட்ட எலிகளின் தைமசு சுரப்பி சுருங்குவதை ஹான்சு செலி என்னும் அறிஞர் 1936இல் வெளியிட்டார். இராமானுஜன் காலத்தில் இவ்வறிவு மருத்துவர்க்கு இல்லை. அவர்தம் நோய்க்கு உள்ளத்துயரே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. எனினும், போர்க்கால உணவுக்குறையோடும் உறக்கமின்மையோடும் அத்துயரும் சேர்ந்து உடற்காவலைத் தளர்த்தியிருத்தல் கூடும்.

1918இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினராகவும் திரினிட்டிக் கல்லூரியின் ஆய்வறிஞராகவும் இவர் தேர்ந்தெடுக்கப் பெற்றார். 1919இல் தாயகம் திரும்பியபின், படுக்கையில் கிடந்தும் புதிய தேற்றங்களைக் கண்டார். 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள், முப்பத்து மூன்றாம் வயது நிறையாமுன்னரே சென்னையில் மறைந்தார்.

அறிவுத் தேட்டம் சிறந்ததே. ஆயினும் அதனைத் தாங்குவது உடல். ஊணும் உறக்கமும் போலவே, துயரைப் பகிர்ந்துகொள்ளும் நட்பும் அவ்வுடலுக்கு அரண் ஆகும். தனித்து வாடும் தோழரிடம் அன்பொடு சென்று பேசுதல் மாணவர்க்குரிய கடமையாகும்.