கலைச்செல்வம் திரட்டிய சாலார் ஜங்

ஐதராபாத்தில் மூசி ஆற்றின் தென்கரையில் சாலார் ஜங் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. அங்குள்ள அரும்பொருள்களுள் பெரும்பாலானவற்றைத் தேடிச் சேர்த்தவர், மூன்றாம் சாலார் ஜங் எனப்படும் மீர் யூசுப் அலி கான்.

இவர் 1889ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் புனேயில் பிறந்தார். பிறந்த சில வாரங்களிலேயே தந்தையை இழந்தார். பாட்டனார் முதலாம் சாலார் ஜங், ஐதராபாத் அரசின் புகழ்மிக்க திவான். பேரனும் 1912இல், தம் 23ஆம் அகவையில், அப்பதவியை ஏற்றார். ஆயினும் ஈராண்டுகளில் அதனைத் துறந்தார். திருமணமும் செய்துகொள்ளவில்லை. எஞ்சிய வாழ்நாளையும் பெரும்பொருளையும் கலைப்பொருள் திரட்டுவதிலேயே செலவிட்டார்.

ஓவியம், சிற்பம், கடிகாரம், சுவடி ஆகியவற்றோடு பீங்கான் கலங்களும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. சீனக் கலங்களுடன் இங்கிலாந்தின் செல்சி, உஸ்டர், டெர்பி ஆகிய ஊர்களின் கலங்களையும் அவர் சேர்த்தார்.

இங்கிலாந்தில் பீங்கான் ஆலைகள் 1740களில்தான் தோன்றின. அவை சீனக் கிண்ணங்களைப் பின்பற்றியமையால், அக்காலத் தேநீர்க் கிண்ணங்கள் பலவற்றுக்குக் கைப்பிடி இல்லை. கிண்ணத்துக்கு இணையாகக் குழிவான தட்டும் உண்டு. தேநீரைத் தட்டில் ஊற்றி ஆற்றிப் பருகுவோரும் இருந்தனர். நம் இல்லத்துத் தம்ளரும் டபராவும் இங்கு நினைவுக்கு வரும். இத்தகைய கலங்களைத் திரட்டுவோர், அவற்றைக் கவிழ்த்து அடியிலுள்ள குறியைத் தேடுவர். நங்கூரம் செல்சிக்கும், பிறை உஸ்டருக்கும் உரிய குறிகள். போலிக் குறிகளும் உண்டு. ஆகவே மண்ணின் தன்மை, மெருகு, ஓவியம் ஆகியவற்றையும் ஆராய்ந்தே முடிவு செய்வர்.

1949ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் சாலார் ஜங் மறைந்தார். அவருக்கு மக்கள் இல்லை. அருஞ்செல்வம் பலர் கையிற் சிதறிவிடுமோ என்னும் நிலை எழுந்தது. அப்போது ஐதராபாத்தின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த எம். கே. வெள்ளோடி, கலையறிஞர் ஜேம்ஸ் கசின்சின் உதவியை நாடினார். திருவனந்தபுரத்தில் 1935இல் திறக்கப்பட்ட ஸ்ரீ சித்திரா கலைக்கூடம் உருவாகத் துணைநின்றவர் இவரே. பொருள்கள் வகைப்படுத்தப்பட்டன. சாலார் ஜங் வாழ்ந்த மாளிகையிலேயே, 1951 டிசம்பர் 16ஆம் நாள், நேரு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். பின்னர் உறவினரும் தம் உரிமையை நாட்டுக்கு விட்டுக்கொடுத்தனர். 1968இல் அருங்காட்சியகம் இன்றுள்ள கட்டடத்துக்கு மாறியது.

ஒருவர் தமக்கெனச் சேர்த்த செல்வம், இவ்வாறு அனைவருக்கும் பொதுவாயிற்று.

சொற்பொருள்
அகவை – வயது
கலம் – பாத்திரம்
மெருகு – பளபளப்பு

வினாக்கள்
1. பழைய ஆங்கிலத் தேநீர்க் கிண்ணங்கள் பலவற்றுக்குக் கைப்பிடி இல்லாதது ஏன்?
2. அடியிலுள்ள குறியை மட்டும் நம்பலாகாது என்பது ஏன்?
3. சாலார் ஜங் திரட்டிய பொருள்கள் சிதறாமல் காக்கப்பட்டது எவ்வாறு?