ரசிகர்களைத் தேடிச் சென்ற வீரர் ரொபர்ட்டோ கிளமெண்டே

விளையாட்டு வீரர்களைத் தேடி ரசிகர்கள் செல்வதுதான் உலக வழமை. மைதானத்தின் வாசலிலும் ஹோட்டல் வாசலிலும் ஒரு கையொப்பத்துக்காக மணிக்கணக்கில் காத்து நிற்பார்கள். வீரர் காரில் ஏறிப் போய்விடுவார். கண்ணாடிக்குள்ளிருந்து ஒருமுறை கையசைத்தாலே பெரிய காரியம். இதற்கு மாறாக, தனக்குக் கடிதம் எழுதிய ரசிகர்கள் எந்த ஊரில், எந்த வைத்தியசாலையில் படுத்திருக்கிறார்கள் என்று தேடிப் போன ஒரு வீரர் இருந்தார். அவர்தான் ரொபர்ட்டோ கிளமெண்டே. அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரத்துப் பேஸ்போல் அணிக்காக 18 ஆண்டுகள் விளையாடியவர். 38 வயதிலேயே மரணமடைந்த அவரை, அரை நூற்றாண்டு கடந்த பின்பும் அந்நகர மக்கள் மறக்கவில்லை.

பேஸ்போல் நமக்கு அவ்வளவு பழக்கமில்லாத விளையாட்டு. எங்கள் வீட்டில் கிரிக்கெட் போட்டி என்றால் வாப்பாவும் நானாவும் தொலைக்காட்சியின் முன்னால் இருந்து எழும்பமாட்டார்கள். பேஸ்போல் என்றால் அலைவரிசையை மாற்றிவிடுவார்கள். ஆனாலும் விளங்கிக்கொள்வது கடினமல்ல. இங்கும் ஒருவர் பந்தை எறிவார், மற்றவர் உருண்டையான மட்டையால் அடிப்பார். எதிரணியினர் பிடிப்பதற்கு முன் அடித்தவர் ஓடி, முதலாவது தளத்தையாவது தொட்டுவிட்டால் அது ஒரு 'ஹிட்'. தன் வாழ்நாளில் 3000 ஹிட் எடுத்த ஒருவரை அந்நாட்டினர், டெஸ்ட் கிரிக்கெட்டில் பத்தாயிரம் ஓட்டங்கள் எடுத்தவரை நாம் மதிப்பது போல மதிப்பார்கள். கிளமெண்டே எடுத்தது சரியாக 3000. ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கரீபியன் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவில், கரோலினா என்ற ஊரில் 1934 ஓகஸ்ட் 18 ஆம் திகதி அவர் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. தந்தை மெல்சோர் கரும்புத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். வீட்டில் பட்டினி இல்லை. ஆனால் கேட்டதெல்லாம் கிடைக்கும் வீடும் அல்ல. சைக்கிள் வேண்டும் என்று சிறுவன் ரொபர்ட்டோ கேட்டபோது, உழைத்து வாங்கிக்கொள் என்பதே தந்தையின் பதிலாக இருந்தது. காலையில் பாற்கலன் சுமந்து, அதற்குக் கிடைத்த சில்லறையைச் சேர்த்து, நீண்ட காலத்தின் பின்னர்தான் அந்தச் சைக்கிளை அவர் வாங்கினார்.

அந்நாட்களில் மொண்டி இர்வின் என்ற கறுப்பின வீரர் குளிர்காலங்களில் புவேர்ட்டோ ரிக்கோவுக்கு வந்து சான் ஹுவான் அணிக்கு விளையாடுவார். கறுப்பர்கள் என்பதற்காக அமெரிக்காவின் பெரிய அணிகள் அவரைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. சிறுவன் ரொபர்ட்டோ பஸ் ஏறிப் போய் மைதானத்தின் வாசலில் நிற்பார். இர்வின் வரும்போது நேருக்கு நேர் முகத்தைப் பார்க்க வெட்கம். அவர் கடந்து போன பிறகு, பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பாராம். இதைக் கவனித்த இர்வின் ஒரு வழி செய்தார். தன்னுடைய பையைச் சிறுவனின் கையில் கொடுத்து, தன்னோடு உள்ளே அழைத்துச் சென்றார். வீரரின் பையைச் சுமப்பவனுக்கு டிக்கெட் தேவையில்லை அல்லவா? ஒரு பையைத் தூக்கக் கொடுப்பது பெரிய தர்மம் ஒன்றுமல்ல, செலவும் இல்லை. ஆனால் கிளமெண்டே அதைக் கடைசி வரை மறக்கவில்லை. வாசலுக்கு வெளியே நிற்பவனின் மனம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

1955 ஆம் ஆண்டு, இருபது வயதில், பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் அணியில் சேர்ந்தார். அது அப்போது தோற்றுக்கொண்டே இருந்த அணி. அமெரிக்காவில் அவருக்கு இரண்டு பக்கமும் இடி. தோல் கறுப்பு, மொழியோ ஸ்பானியம். பயிற்சிக்காகத் தென்மாநிலமான புளோரிடாவுக்குப் போகும்போது, அணியின் பஸ் வழியிலுள்ள உணவகங்களில் நிற்கும். வெள்ளையர்கள் இறங்கிப் போய் மேசையில் அமர்ந்து சாப்பிடுவார்கள். கறுப்பின வீரர்கள் பஸ்ஸிலேயே இருக்கவேண்டும். யாராவது வெளியே கொண்டுவந்து கொடுத்தால் சாப்பிடலாம். கிளமெண்டே அப்படிக் கொண்டுவந்த உணவைத் தொட மறுத்தார், மற்றவர்களையும் தொடவிடவில்லை. அணி நிர்வாகத்திடம் நேரே போய் முறையிட்டார். அதன் பிறகே கறுப்பின வீரர்கள் பயணம் செய்யத் தனி வாகனம் ஒன்று கொடுக்கப்பட்டது. அது நீதியான தீர்வு என்று சொல்லமுடியாது. ஆனால் பசியோடு பஸ்ஸில் காத்திருக்கும் அவமானம் தீர்ந்தது.

பத்திரிகைகளும் அவரை விட்டுவைக்கவில்லை. அவர் பேசிய ஆங்கிலத்தை, உச்சரிப்புப் பிழைகளோடு அப்படியே எழுத்தில் போட்டுக் கேலி செய்தார்கள். ரொபர்ட்டோ என்ற பெயரை பொப் என்று சுருக்கினார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்த பின்பும் சுருக்கினார்கள். அவருக்கு முதுகு வலி இருந்தது. 1954 இன் கடைசியில், குடிபோதையில் கார் ஓட்டிய ஒருவன் அவருடைய காரில் மோதியதால் வந்த வலி அது. அதைச் சொன்னபோது நடிக்கிறார் என்றார்கள். அவர் எப்போதும் சிரித்த முகத்தோடு இருந்தார் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அவர் கோபக்காரர். எழுதியவர்களோடு நேருக்கு நேர் வாதாடுவார். ஆனால் அந்தக் கோபம் வாசலில் நின்ற ரசிகர்கள் பக்கம் திரும்பவில்லை என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

1960 ஒக்டோபர் 13 ஆம் திகதி, பிட்ஸ்பேர்க் அணி, பலம் மிக்க நியூயோர்க் யாங்கீஸ் அணியைத் தோற்கடித்து உலகத் தொடரை வென்றது. ஏழு போட்டிகளிலும் கிளமெண்டே ஹிட் எடுத்திருந்தார். உடைமாற்றும் அறைக்குள் சக வீரர்கள் கூச்சலிட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர் அங்கே நெடுநேரம் நிற்கவில்லை. வெளியே வந்து, தெருக்களில் ஆடிப்பாடிக்கொண்டிருந்த ஆலைத் தொழிலாளர்கள், குடும்பங்கள், சிறுவர்கள் நடுவே கலந்துவிட்டார். அந்த வெற்றியில் தனக்கு மிகவும் இனித்தது அந்த மக்களோடு நின்ற நேரமே என்று பின்னாளில் அவர் கூறியதுண்டு. அவர்களுக்கு முன்னால் நிற்கும்போது தானும் அவர்களில் ஒருவன் என்று அவருக்குத் தோன்றியதாம்.

இனி அந்தக் கடிதங்களின் கதைக்கு வருவோம். பேஸ்போல் பருவத்தில் ஒரு அணி வருடத்துக்கு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட போட்டிகள் விளையாடும். அவற்றில் பாதி வெளியூர்களில். ஊர் ஊராக விமானமேறி, ஹோட்டல் ஹோட்டலாகத் தங்கி, வீரர்கள் களைத்துப் போவார்கள். கிளமெண்டேக்கு ரசிகர்களிடமிருந்து கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வரும். பயணம் புறப்படுவதற்கு முன் அவர் அவற்றைப் பிரித்து, அடுத்துப் போகவிருக்கும் நகரங்களிலிருந்து சிறுவர்கள் எழுதியவற்றைத் தனியாக எடுத்து வைப்பார். அந்நகரத்தில் இறங்கிய மறுநாள் காலையில், மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, நோயாளிச் சிறுவர்களைப் பார்க்க வைத்தியசாலைக்குப் போய்விடுவார். கட்டிலருகே இருந்து கதைப்பார். மாலையில் மைதானத்துக்கு வருவார். படப்பிடிப்பாளர்களை அழைத்துக்கொண்டு போகும் வழக்கம் அவரிடம் இருக்கவில்லை. கடிதத்துக்குப் பதில் எழுதினாலே பாராட்டத்தக்க விடயம். இவரோ தானே பதிலாகப் போய் நின்றார்.

ஊரிலும் அவர் இப்படித்தான். தன் முதுகு வலிக்காக வைத்தியர்களிடம் அலைந்து அலைந்து, எலும்பையும் தசையையும் நீவிக் குணப்படுத்தும் முறையை ஓரளவு கற்றுக்கொண்டார். அதன் பின் முதுகுப் பிடிப்பு, கழுத்துப் பிடிப்பு என்று அயலவர்களும் அறிமுகமில்லாதவர்களும் அவர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். நாட்டின் புகழ்பெற்ற வீரர் தன் கையாலேயே அவர்களுக்கு நீவிவிடுவார்.

1970 ஜூலை 24 ஆம் திகதி பிட்ஸ்பேர்க் நகரின் புதிய மைதானத்தில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து சுமார் 300,000 பேரின் பெயர்கள் அடங்கிய வாழ்த்துச் சுருள் வந்தது. தனக்குப் பரிசு தர விரும்புகிறவர்கள் அந்தப் பணத்தைச் சிறுவர் வைத்தியசாலைக்குக் கொடுக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு அவர் அணி மீண்டும் உலகத் தொடரை வென்றது. தொடரின் சிறந்த வீரரும் அவரே. நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சியில், ஆங்கிலத்தில் பேசுவதற்கு முன் ஸ்பானிய மொழியில் தன் பெற்றோரிடம் ஆசி வேண்டினார். பரீட்சைக்குப் போகும் காலையில் உம்மா வாப்பாவிடம் துஆச் செய்யச் சொல்லிவிட்டுப் போகும் நமக்கு அது விளங்கும். எந்த மொழிக்காகக் கேலி செய்தார்களோ, அந்த மொழியை அமெரிக்கர்கள் அனைவரும் அன்று கேட்டார்கள்.

1972 செப்டெம்பர் 30 ஆம் திகதி 3000 ஆவது ஹிட் எடுத்தார். அந்த ஆண்டின் இறுதியில் புவேர்ட்டோ ரிக்கோவின் இளம் அணியை அழைத்துக்கொண்டு நிக்கரகுவா நாட்டின் மனாகுவா நகரத்துக்குப் போனார். அங்கேயும் வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்க அவரால் முடியவில்லை. விபத்தில் கால் இழந்திருந்த ஒரு சிறுவனைச் சந்தித்து, செயற்கைக் கால் பொருத்த உதவுவதாக வாக்களித்தார். வீதிகளில் ஏழைகளைக் கண்டால் சட்டைப்பையிலிருந்த நாணயங்களைக் கொடுத்துக்கொண்டே நடந்தார். அவர் ஊர் திரும்பிச் சில வாரங்கள்கூட ஆகவில்லை. டிசம்பர் 23 ஆம் திகதி, நள்ளிரவு தாண்டிய வேளையில், மனாகுவாவைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

அவருக்கு அது பத்திரிகைச் செய்தி அல்ல. அந்தத் தெருக்களும் முகங்களும் அவருக்குத் தெரியும். சான் ஹுவானில் நிவாரணக் குழுவுக்குத் தலைமை ஏற்று, நத்தார் நாட்களிலும் ஓய்வின்றி உணவும் உடையும் மருந்தும் சேர்த்தார். அனுப்பிய பொருட்களை நிக்கரகுவாவின் ஆட்சியாளர் சொமோஸாவின் படையினர் அபகரிக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. தானே நேரில் போனால் அந்தப் பொருட்கள் மக்களின் கைக்குச் சேரும் என்று கிளமெண்டே முடிவு செய்தார். டிசம்பர் 31 ஆம் திகதி புறப்படவிருந்த விமானமோ பழையது; சில வாரங்களுக்கு முன்புதான் தரையிலேயே ஒரு விபத்துக்குள்ளாகியிருந்தது. அளவுக்கு மீறிய சுமை வேறு. பகல் முழுவதும் தாமதமாகி, இரவு ஒன்பது மணிக்குப் பின் அது கிளம்பியது. ஏறிய சிறிது நேரத்திலேயே கடலில் விழுந்தது. அதிலிருந்த ஐந்து பேரும் மரணமடைந்தார்கள்.

அவருக்கு வேரா என்ற மனைவி. மூன்று ஆண் பிள்ளைகளில் மூத்தவருக்கே அப்போது ஏழு வயதுதான். வேறொருவரை அனுப்பியிருக்கக்கூடாதா என்று வாசிக்கிறவர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன், உம்மாவும் கேட்டார். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் அது நியாயமான கேள்விதான். ஆனால் தூரத்தில் இருந்துகொண்டு உதவுகிற மனிதராக அவர் ஒருநாளும் இருந்ததில்லை. ரசிகனின் கட்டிலருகே நேரில் போய் நின்ற அதே பழக்கம்தான் அவரை அந்த விமானத்திலும் ஏற்றியது.

புதுவருடக் காலையில் மக்கள் ஆயிரக்கணக்கில் கடற்கரையில் திரண்டார்கள். புவேர்ட்டோ ரிக்கோவில் புதிய ஆளுநரின் பதவியேற்புக் கொண்டாட்டங்கள் நிறுத்தப்பட்டன. கரோலினாவில் நினைவுப் பிரார்த்தனைக்கு அணி முழுவதும் வந்திருந்தபோது ஒருவரை மட்டும் காணவில்லை. பனாமா நாட்டவரான சக வீரர் மன்னி சங்கியன், அந்த நேரத்தில் கடலுக்குள் சுழியோடி நண்பரைத் தேடிக்கொண்டிருந்தார். உடல் கிடைக்கவே இல்லை.

வீரர் ஒருவர் ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அவரைப் பேஸ்போலின் புகழ் மண்டபத்தில் சேர்ப்பது விதி. கிளமெண்டேக்காக அந்த விதியைத் தளர்த்தினார்கள். லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து அந்த மண்டபத்தில் இடம்பெற்ற முதல் வீரர் அவர். சமூகத்துக்குத் தொண்டு செய்யும் வீரருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விருதுக்கும் அவர் பெயரைச் சூட்டினார்கள். பிள்ளைகள் இலவசமாக விளையாட ஒரு மைதான நகரம் அமைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கரோலினாவில் அதைத் தொடங்கி, வேரா பல ஆண்டுகள் நடத்தினார்.

புகழ் மண்டப விழா 1973 ஓகஸ்ட் 6 ஆம் திகதி நடந்தது. கணவருக்குரிய கௌரவத்தை வேரா பெற்றுக்கொண்டார். அதே நாளில், அதே மேடையில், அதே கௌரவத்தைப் பெற இன்னொருவரும் வந்திருந்தார். அவர் மொண்டி இர்வின்.