மறைமலையடிகளும் வாதவூரர் காலமும்

சிவஞான சித்தியார் அளவையிலக்கணங் கூறுமிடத்து ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்னும் இரண்டும் வேறுவேறாக வைத்துணர்த்தப்பட்டன. தொலைவில் நிற்பது தறியோ மகனோ எனத் துணியமாட்டாது அலைவது ஐயம். தறியையே மகனெனத் துணிந்துவிடுவது திரிபு. ஐயத்தில் நெடிது நிற்றல் அறிவுடையார்க்குத் துன்பந் தருவதொன்று. அத்துன்பம் பொறாது விரைந்து துணிவார் சிலர்; ஐயமே போதுமென்று வாளாவிருப்பார் பலர். இவ்விருதிறத்தாரையும் போலாது, ஐயமொன்று தோன்றியவழி அதனைத் தீர்த்தற்குப் பல்லாண்டு உழைத்தவர் பல்லாவரம் மறைமலையடிகளார். அவ்வுழைப்பின் பயனும் அதன்கட் பட்ட வழுவும் ஈண்டு ஒருங்கே ஆராயப்படும்.

அடிகள் 1876-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள் நாகப்பட்டினத்தில் சொக்கநாத பிள்ளையவர்கட்கும் சின்னம்மையார்க்கும் புதல்வராய்த் தோன்றினர். பிள்ளைத்திருப்பெயர் வேதாசலம். தந்தையாரை இளமையிலேயே இழந்தமையாற் பள்ளிப்படிப்பு இடையே நின்றது. ஆயினும் கல்வி நின்றிலது. நாகையிற் புத்தக வாணிகஞ் செய்திருந்த நாராயணசாமி பிள்ளையவர்களை அடுத்துத் தமிழ் நூல்களை முறையாகப் பாடங் கேட்டனர். அக்காலத்தே சைவ சித்தாந்த சண்டமாருதமெனப் பெயர்பெற்ற சூளைச் சோமசுந்தர நாயகரவர்களை மாயாவாதிகள் சிலர் மறுத்தெழுத, இளைஞராகிய வேதாசலனார் முருகவேள் என்னும் புனைபெயரில் நாகை நீலலோசனியில் நாயகர்பக்கம் நின்று விடையெழுதினர். சித்தாந்த முப்பொருளுண்மையில் அவர்க்கு உண்டாய தெளிவு அன்றுதொட்டு இறுதிகாறும் அசைந்திலது.

திருவனந்தபுரத்தில் மனோன்மணீய ஆசிரியர் சுந்தரம் பிள்ளையவர்களொடு பழக நேர்ந்தது மற்றொரு பேறாயிற்று. திருஞானசம்பந்தப் பிள்ளையார் காலத்தைப் புராணச் செய்தி ஒன்றனையே பற்றி நில்லாது, கல்வெட்டும் நூற்சான்றுங் கொண்டு ஆராய்ந்தவர் அப்பெரியார். பின்னர் அறிஞர் சிறுத்தொண்டநாயனாரது வாதாபிப் போரை 642-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த பல்லவர் வெற்றியோடு பொருத்திக் கண்டபோது, பிள்ளையார் ஏழாம் நூற்றாண்டினர் என்பது உறுதியாயிற்று. அப்பர் காலமும் அதனோடு பொருந்தியது. வாதவூரடிகள் காலமோ ஐயத்திற் கிடந்தது.

சென்னை போந்த வேதாசலனார் 1897-இல் தொடங்கிய சித்தாந்த தீபிகையின் தமிழ்ப்பகுதிக்குச் சின்னாள் ஆசிரியராயிருந்து, 1898-இற் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1902-இல் ஞானசாகரம் என்னும் இதழையும், 1905-இற் சைவ சித்தாந்த மகா சமாசத்தையும் தோற்றுவித்தனர். பல்கலைக்கழகத்தார் தமிழைக் கட்டாய பாடமாகக் கொள்ளாது விடுத்தமையால் 1911-இற் கல்லூரிப் பணியைத் துறந்து, குடும்பத்துடன் பல்லாவரஞ் சென்று, அவ்வாண்டிலேயே துவராடையும் பூண்டனர். வேதாசலம் மறைமலையானது 1916-இல். அதனை யாவரும் அறிவர்.

பல்லாவரம் கால ஆராய்ச்சியாளர்க்கு ஏற்றதோர் இடமென எமக்குப் பலகாலுந் தோன்றுவதுண்டு. அதற்குத் தென்கிழக்கே கடலோரத்துள்ள கோவளத்துக் கோட்டையைக் கிளைவ் கைப்பற்றியது 1752-இல் என ஐயமின்றிக் கூறுகின்றோம். எழுதி வைத்தார் உளராகலின். பல்லாவரக் குன்றிற் குடைந்த குகைக்கோயில் மகேந்திரவர்மனது என்கின்றோம். அவன் பட்டப்பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளமையால். அவ்வூரிலேயே 1863-இல் இராபர்ட் புரூஸ் பூட் என்பார் கண்டெடுத்த கற்கருவியோ பழங்கற்காலத்தது என்னும் அளவில் நின்றது. ஆண்டு கூறுதற்கு அவரிடம் கருவியில்லை. சான்று எவ்வளவோ அவ்வளவே துணிபு. இஃது எளிதாய்த் தோன்றினும், அன்புமிக்க பொருளின்கண் இதனைக் கடைப்பிடித்தல் அரிது.

அடிகட்கு அன்புமிக்க பொருள் திருவாசகம். அதனை அருளியவர் காலத்தைப் பற்றி அக்காலத்தே எழுந்த மாறுபாடு சிறிதன்று. சுந்தரமூர்த்திகள் திருத்தொண்டத்தொகையில் மணிவாசகப் பெருமான் திருப்பெயர் இல்லை. சேக்கிழாரும் அவர் வரலாறு பாடிற்றிலர். அவர் சுந்தரர்க்குப் பிற்பட்டவராயின் இஃது எளிதின் விளங்கும். முற்பட்டவராயின் விடை கூறல் வேண்டும். திருக்கோவையாரிலோ வரகுண பாண்டியன் பெயர் வருகின்றது. ஐவர்மலைக் கல்வெட்டுச் சகம் 792, அஃதாவது கி. பி. 870, இரண்டாம் வரகுணனது எட்டாமாட்சியாண்டெனக் காட்டுதலின், அவன் 862-இல் முடிசூடினன் என்பது பெறப்படும். இதுபற்றி ஒன்பதாம் நூற்றாண்டே வாதவூரர் காலமென்பார் வரலாற்றறிஞருட் பெரும்பாலார்.

அடிகள் இதனை ஏற்றிலர். மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் என்னும் பெருநூலில் அவர் நிறுவிய முடிபு மூன்றாம் நூற்றாண்டு என்பது. நரி பரியான திருவிளையாடல் அப்பர் தேவாரத்தே குறிக்கப்பட்டமையின், அதற்குரியவர் அப்பர்க்கு முற்பட்டவரென்றனர். வரகுணர் ஒருவரல்லர், பழைய வரகுணர் ஒருவரும் உண்டென்றனர். திருத்தொண்டத்தொகையிற் பொய்யடிமையில்லாத புலவர் என்றது மணிவாசகரையே என்றனர். இம்மூன்றாவது கூற்று மடங்களிற் பெருங்கலக்கத்தை விளைத்தற்குரியது. அத்தொகையடியாரைச் சங்கப்புலவர் நாற்பத்தொன்பதின்மரென வகுத்தவர் பொல்லாப் பிள்ளையாரருள் பெற்ற நம்பியாண்டார் நம்பிகளாவர். நம்பிகள் வாக்கை மறுத்தல் தகுமோ என வினாவுதல் சைவர்க்கு இயல்பே. அடிகள் திருமுறைகளையே உயிரெனக் கொண்டவர். எனினும் பொருளாராய்ச்சியில் முன்னோர் கூற்றொன்றை அது முன்னோரது என்னும் அளவில் ஏற்க அவர் மனம் இசைந்திலது. இத்துணிவை யாம் குறைகூறேம்.

குறை வேறிடத்தது. நரி பரியான வரலாறு வாதவூரரொடு தொடர்புறுமுன்னரே இறைவன் திருவிளையாடலாக வழங்கியிருத்தல் கூடும். அப்பர் வாக்கு அதற்குமேல் ஒன்றும் விதித்திலது. பழைய வரகுணன் ஒருவன் இருந்தான் என்றற்குக் கல்வெட்டின் துணை வேண்டும், பெயரொப்புமை போதாது. இவ்விடங்களில் அடிகள் இருக்கக்கூடும் என்பதனை இருந்தே தீரும் என்று கொண்டனர். முப்பொருளுண்மையிற் கொண்ட அதே உறுதியை ஓர் ஆண்டுக்கணக்கின் மேலும் ஏற்றினர் என்பது எமது துணிபு. ஆன்மா காட்டக் காண்பதாகலின் மெய்ப்பொருள் தெளிதற்குத் திருவருளும் குருவருளும் உள. ஒருவர் பிறந்த நூற்றாண்டைத் தெளிதற்கு அனுமானமும் உரையுமன்றி வேறில்லை. அவை குறைவாயின் ஐயமே நேர்மை. திருவாசகம் மூன்றாம் நூற்றாண்டினதாயினும் ஒன்பதாம் நூற்றாண்டினதாயினும் அதன்கண் உருகுவார் உருக்கம் சிறிதும் வேறுபடாது. இதனை அடிகளே யாவரினும் நன்கறிவர். ஆயினும் ஐயமொன்று தம்முன் கிடப்ப அவராற் கண்துயில முடிந்திலது.

இவ்வியல்பே மறுமையாராய்ச்சியினும் அவரைச் செலுத்தியது. மரணத்தின்பின் மனிதர் நிலை, தொலைவிலுணர்தல், அறிதுயில் என்றெல்லாம் மேல்நாட்டார் ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்து நூல்கள் எழுதினர். அந்நூல்கட்கு அடிப்படையாய மேல்நாட்டுச் சான்றுகளிற் பல இன்று நிலைபெற்றனவல்ல. சித்தாந்தம் கூறும் உயிருண்மைக்கு அச்சான்றுகள் வேண்டப்படுவதுமில்லை.

இங்ஙனம் கூறினும், ஒன்று மறத்தலாகாது. வாதவூரர் காலத்தைப் பற்றி அடிகள் முடிபை மறுப்பவரும் தம் வாதத்தை அடிகள் தொகுத்து நிரல்பட வைத்த சான்றுகளினின்றே தொடங்குகின்றனர். மறுப்பாரது கொள்கையையும் காரணத்தோடு எடுத்துரைத்து, அதன்பின்னரே தமது விடையை வைப்பது அடிகள் வழக்கம். காரணங்காட்டாத உரையைச் சைவ மேடைகளில் நாணத்தக்கதாக்கியவருள் அவர் முதல்வர்.

அடிகள் 1950-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தனர். பல்லாவர வாழ்விற் சேர்த்த நூல்கள் ஏறக்குறைய நாலாயிரம். அவற்றைப் பொதுமக்கட்கே உரிமையாக்கிச் சென்றனர். 1958-இற் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் சென்னை இலிங்கிச்செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையத்தைத் தோற்றுவித்தபோது, கழகத்தார் திரட்டிய நூல்களோடு அவையும் ஒருங்கு வைக்கப்பட்டன.