மேஜர் கெல்லி

யுத்த சரித்திரங்களில் களத்திலே வென்றவர்களின் பெயர்களே பெரிய எழுத்துக்களில் காணப்படுகின்றன. களத்தினின்று காயமுற்றோரைத் தூக்கிவந்த ஒருவருடைய பெயர் நிலைத்து நிற்பது அபூர்வம். அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த மேஜர் சார்லஸ் கெல்லியின் பெயர் அவ்வாறு நிலைத்தது.

1925-ம் வருஷம் ஏப்ரல் 10-ந் தேதி ஜார்ஜியா ராஜ்யத்தில் பிறந்த கெல்லி, இரண்டாவது உலக மகாயுத்தத்தில் காலாட்படை வீரராகச் சென்று, ஜெர்மனியில் ஆஹென் நகரத்துப் போரில் பலத்த காயமடைந்தார். பின்னாளில் ராணுவ வைத்திய இலாகாவில் சேர்ந்து ஹெலிகாப்டர் ஓட்டியானார். காயம்பட்டுக் கிடப்பவனுடைய நிலை இன்னதென்று அவருக்கு ஏட்டிலிருந்து கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

காயமுற்றோரை மீட்க ஹெலிகாப்டரை யுத்தத்தில் முதன்முதல் உபயோகித்தது நமக்கு அண்டையிலுள்ள பர்மாக் காட்டில், 1944 ஏப்ரலில் என்பதை நம்மில் பலர் அறியார். கொரியா யுத்தத்தில் யந்திரத்தின் வெளிப்புறத்திலே தூளி கட்டி நோயாளிகளைக் கொண்டுசென்றனர். வியட்நாமில் அவர்களை உள்ளே கிடத்தி, பறக்கும்போதே சிகிச்சை செய்ய முடிந்தது.

1964 ஜனவரியில் தென் வியட்நாமிலிருந்த 57-வது வைத்தியப் பிரிவின் தலைமையைக் கெல்லி ஏற்றார். அப்பிரிவுக்கு இருந்தவை 5 ஹெலிகாப்டர்களே. அமெரிக்கா அந்த அந்நிய நாட்டில் நடத்திய யுத்தம் நியாயமானதென்று நாம் கருதவில்லை. அதைக் கெல்லியின் புகழால் மூடவும் விரும்பவில்லை. ஆனால் அவருடைய சொந்தப் போராட்டம் தம் மேலதிகாரிகளுடன் நடந்தது. காயமுற்றோருக்கென்றே இவ்யந்திரங்களை ஒதுக்கிவைப்பது வீண் என்றும், செஞ்சிலுவைச் சின்னத்தை வேண்டும்போது மாட்டி வேண்டாதபோது கழற்றிக்கொண்டு மற்றக் காரியங்களுக்கும் அவற்றை அனுப்பலாமென்றும் ஜெனரல் ஸ்டில்வெல் கருதினார். (அஸ்ஸாமின் லீடோவிலிருந்து சீனா சென்ற சாலைக்குப் பெயர் தந்த ஸ்டில்வெல்லின் புதல்வர் இவர்.) சட்டம் படித்தவன் எவனும் இதன் கேட்டை உணர்வான். செஞ்சிலுவை தாங்கிய வாகனம் யுத்த காரியத்துக்கு உதவாது என்ற நம்பிக்கையே அச்சின்னத்தின் பலம். காலையில் சிலுவையும் மாலையில் வெடிமருந்தும் சுமக்கும் வாகனத்தை எந்த எதிரி மதிப்பான்? மதியாதபோதும் சின்னத்தைக் காப்பது ஒருவருடைய கடமையன்றோ?

கெல்லி மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல், காயமுற்றோரை எவ்வளவு அதிகமாக மீட்டுவருகிறோமோ அவ்வளவுக்குத் தம் கட்சி வலுக்கும் என்று கண்டார். 1964 மார்ச்சில் தாமே 2 யந்திரங்களுடன் மீகாங் நதியின் கழிமுகத்திலுள்ள ஸாக் ட்ராங்கிற்குப் போனார். இராக்காலங்களில் காவல் நிலையங்களின் மேல் சுற்றிச் சுற்றிப் பறந்து, காயமுற்றோர் உண்டா என்று வானொலியில் விசாரிப்பார். அவர் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரே. சகாக்கள் அவருக்குப் பைத்தியக்காரக் கெல்லி என்று பெயரிட்டனர். இத்தகைய பைத்தியங்கள் எந்தச் சேனையிலும் அதிகமில்லை.

1964 ஜூலை 1-ந் தேதி வின் லாங் அருகே, காயமுற்றோரை ஏற்றக் கெல்லி தாழ இறங்கினார். நாற்புறமும் குண்டுகள் பாய்ந்தன. திரும்பிப் போய்விடும்படி தரையிலிருந்து பன்முறை எச்சரித்தார்கள். காயமுற்றோர் தம் யந்திரத்தில் ஏறிய பிறகே புறப்படுவதாக அவர் அமைதியாகத் தெரிவித்தார். அடுத்த கணம் திறந்திருந்த கதவின் வழியே வந்த குண்டு அவர் இருதயத்தைத் துளைத்தது. ஹெலிகாப்டர் சாய்ந்து தரையில் மோதிற்று. உடனிருந்தோர் காயங்களுடன் பிழைத்தனர். கெல்லி இறந்தார், அவருக்கு வயது 39.

வைத்திய ஹெலிகாப்டர்களை மற்ற வேலைகளுக்குத் திருப்பும் பேச்சு அதன்பின் வலுவிழந்தது. கெல்லியின் கீழ்ப் பணிபுரிந்த பாட்ரிக் பிரேடியிடம், மேலதிகாரி ஒருவர் அந்தக் குண்டை மேஜையின்மீது போட்டு, இனியாவது முறை மாறுமா என்று கேட்டாராம். மாறாது என்பதே பிரேடி அளித்த விடை. 1968 ஜனவரி 6-ந் தேதி அதே பிரேடி, மூடுபனியிலும் குண்டுமழையிலும் 3 ஹெலிகாப்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி, ஒரே நாளில் 51 பேரை மீட்டார்.